ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் மதுரையில் காலை ஒன்பது மணிக்கே தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும். அந்தச் சூட்டிலிருந்து தப்பி, காட்ரோடு வழியாகக் கொடைக்கானல் மலையில் ஏறி, டம்டம் பாறையில் படம் எடுத்து, ஊத்து தாண்டிப் பெருமாள்மலையில் டீ குடிக்க இறங்குகிற குடும்பத்தின் முகத்தில் முதல் குளிர்காற்று படுகிறது. நிலத் தரகர்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். மறுநாள் மதியத்துக்குள் வில்பட்டியிலோ பள்ளங்கியிலோ ஒரு சரிவின் விளிம்பில் அந்தக் குடும்பம் நின்றுகொண்டிருக்கும்.

“இந்த வியூவ விட்டா அப்புறம் கிடைக்காது சார். ஈரோட்டுப் பார்ட்டி ஒருத்தர் நாளைக் காலைல அட்வான்ஸோட வர்றாரு.”

“தண்ணி எப்படி?”

“ஓடை பக்கத்துலயே ஓடுது மேடம். நீங்க வீட்டக் கட்டுங்க, மத்தத நாங்க பாத்துக்குறோம்.”

ஈரோட்டுப் பார்ட்டி வருவதே இல்லை. பல வருடங்களாக அவர் நாளைக் காலையில்தான் வந்துகொண்டிருக்கிறார். ஆனாலும் அவருக்குப் பயந்து, கீழே இறங்குவதற்குள் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ முன்பணம் கை மாறிவிடுகிறது. ஊரில் ஒரு மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற மனிதர், மலையில் பத்து சென்ட் நிலத்தை ஒரே மதியத்தில் முடித்துவிடுகிறார்.

இது அவரவர் பணம், அவரவர் ஆசை, இதில் தலையங்கம் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கடலோரத்தில் வாங்கிய மனையோ, நகரத்தில் வாங்கிய அடுக்குமாடி வீடோ கைக்கு ஒத்துவராமல் போனால் பெரும்பாலும் வாங்கியவரின் பணத்தோடு கணக்கு முடிந்துவிடும். மலையில் அப்படி முடிவதில்லை. அங்கே மேலே ஒருவர் வெட்டிய மண் கீழே இன்னொருவர் கூரையில் இறங்குகிறது. மேலே ஒருவர் உறிஞ்சிய ஓடை கீழே ஒரு தோட்டத்துக்கு வராமல் போகிறது. அவசரம் ஒருவருடையது, செலவு பலருடையது. இந்தச் செலவைக் குறைக்கும் பொறுப்பை வாங்குகிறவர், விற்கிறவர், கடன் கொடுக்கிற வங்கி, பத்திரம் பதிகிற அலுவலகம், ஊராட்சி எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கியாக வேண்டும் என்பதே நம் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெளியூர்க்காரர் மலைக்கு வரவே கூடாது என்பது நம் வாதம் அல்ல. கொடைக்கானல் என்கிற ஊரே இரண்டாவது வீடுகளால் உண்டானதுதான். மதுரையின் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே கட்டிய ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்ற இரண்டு வீடுகளிலிருந்து ஊர் தொடங்கியது. இன்று படகு விடுகிற ஏரிகூட இயற்கை ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையைத் தடுத்து உண்டாக்கியது. ஊட்டியின் கதையும் வேறல்ல. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கினார் என்கிறது வரலாறு. மலை நிலம் மலிவு என்ற எண்ணத்துக்கு இருநூறு வயது ஆகிறது. அந்த ஒரு ரூபாயில் தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளிக்கு விலை போடப்பட்டதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்றைய வழிகாட்டி மதிப்பிலும் ஓடைக்கும் சோலைக்கும் விலை கிடையாது.

அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் வேகத்தில்தான் இருக்கிறது. அன்று வந்தவர்கள் நடந்தோ டோலியில் ஏறியோ வந்தார்கள். வந்தால் சீசன் முழுக்கத் தங்கினார்கள். இன்று ஒரு ஜேசிபி காலையில் ஏறினால் மாலைக்குள் ஒரு சரிவின் உருவமே மாறிவிடுகிறது.

அந்த ஜேசிபி செய்கிற வேலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். சரிவில் வீடு கட்டச் சமதளம் வேண்டும். அதற்காகப் பின்பக்கத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோவது செலவு. முன்பக்கச் சரிவிலேயே தள்ளிவிடுகிறார்கள். புல்லும் மரமும் வேரால் பிடித்து வைத்திருந்த மண் இப்போது பிடிமானம் இல்லாத குவியலாக ஓடையின் தலைமாட்டில் கிடக்கிறது. பின்பக்க வெட்டை மறைக்க ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர் எழும்புகிறது. அந்தச் சுவரில் நீர் வடியத் துளைகள் விட்டு, பின்னால் கருங்கல் ஜல்லி நிரப்ப வேண்டும். சுவர் அழகு கெட்டுவிடும் என்றோ, செலவு கூடும் என்றோ அதை விட்டுவிடுகிறார்கள். மே மாதத்தில் அந்தச் சுவர் கம்பீரமாகத்தான் நிற்கும்.

ஐப்பசியில் மழை பிடிக்கிறது. பழனி மலைத்தொடருக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். மேலே இறங்குகிற நீர் மண்ணுக்குள் ஊறி, சுவருக்குப் பின்னால் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. ஈரமண்ணின் எடையும் நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளுகின்றன. போதாததற்கு, வீட்டுக் கழிவுநீருக்காகச் சரிவிலேயே தோண்டிய உறிஞ்சுகுழியும் அதே மண்ணை நனைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் இரவில் காவல்காரர் போன் செய்கிறார்: “சார், பின்னாடி மண்ணு இறங்குது.” சாருக்கு அது கவலை. கீழ்வரிசையில் தகர வீட்டில் படுத்திருக்கிற குடும்பத்துக்கு அது உயிர்.

மிகையாகச் சொல்லவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மூன்று நாள் மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேத்தியில் அப்போது ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரு நாளில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலத்தில் நேர்ந்த மண்சரிவைப் பழைய ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் இருந்த இடம் தெரியாமல் போனதை நாடே பார்த்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லாச் சரிவுக்கும் வீடுகள்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பெருமழை பெய்தால் காட்டிலும் மண் சரியும். ஆனால், வெட்டப்பட்ட சரிவும் அடைக்கப்பட்ட ஓடையும் அந்த மழைக்கு வழி செய்து கொடுக்கின்றன என்பதில் நிலவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

நீலகிரியில் 283 இடங்களை அபாயப் பகுதிகளாக மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. பருவமழைக்கு முன் அந்தப் பட்டியலை வைத்துத்தான் குழுக்கள் போடுகிறார்கள், முகாம்கள் ஏற்பாடு செய்கிறார்கள். ஆனால், அந்த இடங்களில் ஒன்றில் மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தால் அதில் அடமானம் இருக்கும், பாகப்பிரிவினை இருக்கும், முந்தைய கிரயம் இருக்கும்; அபாயம் இருக்காது. ஓர் அரசு அலுவலகத்துக்குத் தெரிந்த ஆபத்து, இன்னோர் அரசு அலுவலகத்தின் ஆவணத்தில் ஒரு வரியாகக்கூட வராமல் இருப்பதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

தண்ணீர் விஷயம் இதைவிட மெதுவாக நடப்பதால் செய்தியாவதில்லை. பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு, மருதாநதி, மஞ்சளாறு எல்லாம் பழனி மலையில் பிறக்கிறவை. பழனி, ஒட்டன்சத்திரம், அய்யம்பாளையம், தேவதானப்பட்டி வட்டாரங்களின் நெல்லும் தென்னையும் காய்கறியும் அந்த நீரை நம்பியவை. மேலே சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விடுகின்றன. அதனால்தான் மழை நின்ற பிறகும் ஓடையில் நீர் ஓடுகிறது. தைலமும் சீகையும் நட்டு ஏற்கெனவே அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை நாம் இழந்தாயிற்று. மிச்சமிருக்கிற ஓடைகளில் இப்போது ஆளுக்கொரு ஹோஸ் போட்டிருக்கிறார்கள். சீசனில் தங்கும் விடுதிகளும் பங்களாக்களும் நிரம்புகிற அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் ஊற்றுகள் வற்றுகின்றன. ஏரிக்கு மேலே ஒரு வீட்டில் குளியல் தொட்டி நிரம்பும்போது, ஏரிக்குக் கீழே ஒரு தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. வீட்டுக்காரர் இதைப் பார்ப்பதில்லை. லாரித் தண்ணீர் அவர் வருவதற்கு முதல் நாளே தொட்டியில் இறங்கிவிடுகிறது.

சரி, வாங்கியவருக்காவது லாபமா? ஒரு பேச்சுக்கு 60 லட்சம் ரூபாயில் நிலமும் வீடுமாக முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அதே பணம் வங்கியில் 7 சதவீத வட்டியில் இருந்தால் வருடம் 4 லட்சத்து 20 ஆயிரம் வரும். வருடத்தில் 20 நாள் அங்கே தங்கினால், ஒரு நாள் தங்கலுக்கு 21 ஆயிரம் ரூபாய் வாடகை கொடுத்ததற்குச் சமம். இதில் காவல்காரர் சம்பளம், வருடா வருடம் சுவரில் படர்கிற பூஞ்சணத்துக்குப் பெயிண்ட், ஈரத்தில் உப்பிப்போன கதவுகள், பழுதாகிற மோட்டார் எதுவும் சேரவில்லை. “விலை ஏறும்ல” என்பார்கள். ஏறலாம். ஆனால், விற்கப் போகும்போது வருகிறவர் விவரமானவராக இருந்து, அனுமதி நகல் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பிள்ளைகள் முதல் இரண்டு வருடம் ஆசையாக வருவார்கள். பிறகு டியூஷன், நீட் கோச்சிங், கல்யாணம், காதுகுத்து. நாலாவது வருடம் வீடு ஆன்லைனில் ‘ஹோம்ஸ்டே’ ஆகிவிடும். குடியிருக்க என்று கட்டிய வீடு உரிமம் இல்லாத லாட்ஜ் ஆவது இப்படித்தான். இரவு முழுக்கப் பாட்டு, காலையில் ஓடை முழுக்க பிளாஸ்டிக், அதைத் தின்ன வருகிற காட்டுமாடு.

வரிச் சட்டமும் இந்த அவசரத்துக்குத் துணை நிற்கிறது. முன்பெல்லாம் ஒருவருக்கு இரண்டு வீடு இருந்து, இரண்டாவது காலியாகக் கிடந்தாலும், அதற்கு ஓர் உத்தேச வாடகை கணக்கிட்டு வருமான வரி கேட்பார்கள். 2019 இடைக்கால பட்ஜெட் அதை எடுத்துவிட்டது. வேலைக்காக ஓர் ஊரிலும் பெற்றோருக்காக இன்னோர் ஊரிலும் வீடு வைத்திருக்கிற நடுத்தரக் குடும்பங்களுக்கு அது நியாயமான சலுகைதான். அதே சலுகை, வருடத்தில் முந்நூற்று நாற்பது நாள் பூட்டிக் கிடக்கிற மலை பங்களாவுக்கும் போய்ச் சேர்கிறது.

பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்குப் பக்கத்திலேயே, வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைகிற செவிலியரும் ஆசிரியரும் கடைப் பையன்களும் இருக்கிறார்கள் என்பது மலை ஊர்களின் விசித்திரம். நாள் வாடகைக்கு விட்டால் வாரக் கடைசியில் கிடைக்கிற பணம், மாத வாடகைக்கு விட்டால் மாதம் முழுக்கக் கிடைக்காது. வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மேலே வேலை செய்கிற ஆட்கள் பலர் தினம் பஸ்ஸில் ஏறி வருகிறார்கள்.

இதே சிக்கலை நம்மைவிட வசதியான நாடு ஒன்று நம்மைவிட முன்பே சந்தித்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் கிராமங்களில் வருடத்தில் சில வாரம் மட்டும் விளக்கெரிகிற வீடுகள் பெருகியபோது, ஃபிரான்ஸ் வெபர் என்ற சூழலியலாளர் கையெழுத்து வாங்கி விஷயத்தை நாடு தழுவிய வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். 2012 மார்ச் 11 அன்று வாக்களித்தவர்களில் 50.6 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். எந்த ஊரிலும் மொத்த வீடுகளில் 20 சதவீதத்துக்கு மேல் இரண்டாவது வீடுகள் இருக்கக் கூடாது என்று அரசமைப்பிலேயே எழுதினார்கள். நூலிழை வெற்றி. எதிர்ப்பு மலைக்காரர்களிடம்தான் அதிகம்; கட்டட வேலையை நம்பிய கொத்தனாரும் தச்சரும் எங்கள் பிழைப்பு என்னாவது என்று கேட்டார்கள். சட்டத்தில் விலக்குகள் உண்டு, அவற்றைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால், அவர்களிடம் ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு இரண்டாவது வீடு என்ற கணக்கு இருக்கிறது. நம்மிடம் அதுவே இல்லை. உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனம், வாரக் கடைசியில் 6,000 வாகனம் என்று எல்லையும் வகுத்தார்கள். மலையேறுகிற கார்களை எண்ண ஆரம்பித்திருக்கிறோம். பூட்டிய வீடுகளை எண்ணவும் ஆரம்பித்தால் என்ன?

இமாசலத்தில் வேறு வழி. 1972-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, அந்த மாநிலத்தின் விவசாயி அல்லாதவருக்கு அரசு அனுமதியின்றி நிலம் விற்பதைத் தடுக்கிறது. உத்தராகண்டும் 2025-இல் பெரும்பாலான மாவட்டங்களில் வெளியார் விவசாய நிலம் வாங்குவதற்குத் தடை கொண்டுவந்தது. நம் ஊரிலும் இதைக் கொண்டுவர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியாரைத் தடுத்த அதே இமாசலத்தில்தான் 2023 மழையில் சிம்லாவில் கட்டடங்கள் சீட்டுக்கட்டுப் போலச் சரிந்தன. உள்ளூர்க்காரர் வெட்டினாலும் செங்குத்தாக வெட்டிய மண் சரியத்தான் செய்யும். கட்டுகிறவர் யார் என்பதைவிட எங்கே, எப்படிக் கட்டுகிறார் என்பதே முக்கியம்.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ‘ஹாகா’ என்று எல்லோரும் சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-இல் வந்தது. மலை நகரங்களுக்கான தனிக் கட்டட விதிகள் 1993-இல் வந்தன. நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. விதிகளை மீற நினைக்கிற கைகள் மட்டும் எப்போதும் விதிகளைவிட நீளமாக இருந்திருக்கின்றன. கொடைக்கானலில் அனுமதித்ததற்கு மேல் மாடிகள் எழுப்பிய பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு அரசே விலக்கு கொடுத்தது. 1985-இல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடி, கூடுதல் மாடிகளை இடிக்க உத்தரவு பெற்றது. அந்த விலக்கு பற்றிய குற்றவழக்கில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்ட 2000 பிப்ரவரி 2 அன்றுதான் தர்மபுரியில் பஸ் எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்தார்கள். மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். ஒரு மலை ஊரின் கட்டட உயரம் பற்றிய விதி தமிழக அரசியலில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அந்த வழக்கு சாட்சி.

நீலகிரியின் சீகூர் பீடபூமியின் கதை, ஆசையோடு வாங்கியவர்களுக்கு நேரடியான பாடம். அங்கே யானை வழித்தடத்தை அறிவித்த 2010-ஆம் ஆண்டு அரசாணையை எதிர்த்து விடுதி உரிமையாளர்களும் வீட்டுக்காரர்களும் பத்து வருடம் வழக்காடினார்கள். 2018-இல் விடுதிகளுக்கு சீல் விழுந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. பத்திரம் சரியாக இருக்கலாம், பட்டாவும் இருக்கலாம். யானைக்கு அதற்கும் முந்தைய அனுபோக பாத்தியதை உண்டு. கூடலூர் பக்கம் போனால் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வருகிற, உரிமை முடிவாகாத நிலங்கள் இருக்கின்றன. 1969-இல் போட்ட சட்டம். சிக்கல் இன்றும் தீரவில்லை. அங்கே நாலு தலைமுறையாக இருப்பவருக்கே பட்டா இல்லாதபோது, சென்னையிலிருந்து வந்தவருக்கு எந்த நம்பிக்கையில் விற்கிறார்கள்?

இப்போது பொறுப்புக்கு வருவோம். விற்கிற விவசாயியை முதல் குற்றவாளியாக்குவது எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், பூண்டும் உருளையும் கேரட்டும் போடுகிறவருக்கு விலை நிச்சயம் இல்லை. காட்டுமாடும் பன்றியும் இரவில் இறங்கி மேய்கின்றன. புதிது புதிதாக முளைக்கிற பங்களாக்கள் கம்பிவேலி போடப் போட, விலங்குகள் வேலி இல்லாத தோட்டத்துக்கே திரும்புகின்றன. கடைசியில் மகள் கல்யாணத்துக்கு அவர் ஓரத்து நிலத்தை விற்கிறார். அவர் நிலத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிற நாம், அவர் விளைச்சலுக்கு விலையும் பயிர்ச்சேதத்துக்குக் காலத்தில் இழப்பீடும் கிடைக்கக் குரல் கொடுக்க வேண்டும். இழப்பீடு அடுத்த விதைப்புக்குள் வராவிட்டால் தரகர் வந்துவிடுவார்.

வாங்க நினைப்பவரிடம் நாம் கேட்பது ஒரு பொறுமை. மே மாதத்தில் பிடித்துப்போன இடத்தை ஐப்பசியிலோ கார்த்திகையிலோ போய்ப் பாருங்கள். பக்கத்தில் வாடகைக்கு ஒரு வாரம் இருங்கள். மழையில் பாதை எங்கே போகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது, மின்சாரம் எத்தனை நாள் வருகிறது, நெஞ்சுவலி என்றால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துவிடும். தாய்ப் பத்திரம், சிட்டா, புலப்படம் கேட்பதோடு, அந்தக் கிராமம் ஹாகா பட்டியலில் உள்ளதா, பக்கத்தில் காப்புக்காடு எல்லை எங்கே, நிலத்தின் சரிவு எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ‘ஃபார்ம் லேண்டு’, ‘பிரிபடாத பாகம்’ என்ற சொற்களைத் தரகர் சொன்னால், தனி மனையாகப் பதிய முடியாத நிலத்துக்குச் சுற்றுவழி தேடுகிறார் என்று சந்தேகப்படுங்கள். அதற்குப் பிறகும் ஆசை மிச்சமிருந்தால் வாங்கிக் கட்டுங்கள்; சரிவைக் குறைவாக வெட்டுங்கள், கூரை நீரைத் தொட்டியில் பிடியுங்கள், நீங்கள் இல்லாத மாதங்களில் ஒரு செவிலியர் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுங்கள்.

வங்கிகள் வீட்டுக் கடனுக்கு வக்கீல் கருத்து கேட்கின்றன, பொறியாளரின் மதிப்பீடு கேட்கின்றன. மலைப் பகுதியில் மண் பரிசோதனையும் வடிகால் வரைபடமும் கேட்பதால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அடமானச் சொத்து மழையில் போகாமல் இருப்பது அவர்களுக்கும் நல்லது. பதிவுத்துறைக்கு இன்னும் எளிய வேலை. மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிற நிலச்சரிவுப் பட்டியலையும் ஹாகா கிராமப் பட்டியலையும் சர்வே எண்ணோடு இணைத்து, வில்லங்கச் சான்றிதழின் கீழே ஒரு வரியாக அச்சிடலாம். வாங்குவதை அது தடுக்காது. தெரிந்து வாங்கினார் என்பதற்கு அத்தாட்சியாக இருக்கும். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் கூடுதல் சொத்துவரியும், குடிநீருக்கு மீட்டரும் போடுவதற்கு நகராட்சிகளும் ஊராட்சிகளும் தயங்கத் தேவையில்லை. அந்தப் பணம் அந்த ஊரின் ஓடைக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் மட்டும் என்று கணக்கைப் பலகையில் எழுதி வைத்தால், கட்டுகிறவர்களுக்கும் முணுமுணுக்க மனம் வராது.

உள்ளூர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. தரகர், ஜேசிபி ஓட்டுநர், கொத்தனார், லாரிக்காரர் பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளே. வெட்டுகிற மண் யார் வீட்டு மேல் விழும் என்பது வெளியூர் முதலாளியைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏற்கெனவே வீடு வாங்கிக் குடியேறியவர்களில் படித்தவர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். தங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொள்ள மட்டும் குரல் கொடுக்காமல், தங்கள் வீட்டுத் தடுப்புச் சுவரையும் கழிவுநீர்த் தொட்டியையும் முதலில் ஆய்வுக்குத் திறந்துவிட்டால், அவர்கள் சொல்வதற்கு ஊரில் மரியாதை கிடைக்கும்.

மே 1 அன்று கிராம சபைக் கூட்டம். சீசன் உச்சத்தில், மலையில் வெளியூர் வண்டிகள் நிரம்பி நிற்கிற நாள் அது. மலை ஊராட்சிகளின் மக்கள் அன்று ஒரு தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டும்: எங்கள் ஊரில் மொத்தம் எத்தனை வீடு, அதில் எத்தனை பூட்டிக் கிடக்கிறது, எத்தனை வீட்டுக்கு அனுமதி இருக்கிறது என்ற கணக்கை அடுத்த கூட்டமான ஆகஸ்ட் 15-க்குள் எழுதி வைக்க வேண்டும். அன்று மலையில் தங்கியிருக்கிற வீட்டு உரிமையாளர்களும் அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள்.